ரெண்டே ரெண்டு தப்பு

கடைசி பெஞ்சில் கல்லூரி முதல்வரம்மா நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்ததும் கணக்கு வாத்தியார் ஏற்கெனவே துடைத்த போர்டை இன்னொரு தரம் துடைத்தார். ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. இன்றைக்குப் பாடம் அந்தம்மாவுக்குப் பிடித்தால் நிரந்தரம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

மனுஷரிடம் ஒரு சொந்த வித்தை உண்டு. வகுப்புக்கு இரண்டு தப்பு, வேண்டுமென்றே போர்டில் போடுவார். பிள்ளைகள் பிடிக்க வேண்டும். அப்போதுதான் எவனும் தூங்க மாட்டானாம்.

"இன்னைக்கு ஒருநாள் அந்தக் கூத்து வேணாம். ஒழுங்கா போட்டுட்டு வாங்க," என்று மனைவி காலையில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஆகவே, சைன் எக்ஸைத் தொகையிட்டு, 'மைனஸ் காஸ் எக்ஸ்' என்று அழுத்தமாக எழுதிவிட்டுத் திரும்பினார்.

"சார், தப்பு எங்க?" என்றான் முன்பெஞ்சு நெட்டையன்.

"இன்னைக்குத் தப்பே கிடையாது."

"ஆஹா! புது டெக்னிக்குடா!" வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"சத்தியமா இல்லப்பா!"

"புடிச்சிட்டேன்! கடைசியில 'பிளஸ் சி' இல்ல சார்!"

ஐயோ, உண்மையிலேயே இல்லை. பதறிப்போய் மொத்தத்தையும் அழித்து, மறுபடி எழுதினார். 'சி' வந்துவிட்டது.

"சார், இப்ப மைனஸைக் காணோம்!"

முதல்வரம்மா எழுந்தார்.

"என்ன சார் நடக்குது இங்க?"

இனி மானம் போனால் என்ன, வேலை தப்பினால் போதும்.

"இதான் மேடம் என் முறை. தினமும் வேணும்னே ரெண்டு தப்பு. ரெண்டே ரெண்டு. பசங்க கரெக்டா ரெண்டையும் புடிச்சிடுவாங்க. ஒருநாள்கூட கூடினதில்ல, குறைஞ்சதில்ல."

முதல்வரம்மாவின் முகம் மலர்ந்தது. "பிரமாதம் சார்! இதுக்கு மேல என்ன வேணும்?" என்று நோட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தார். வாத்தியாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

போகிற போக்கில் முதல்வரம்மா, பக்கத்தில் இருந்த மாணவியிடம் கேட்டார். "ஏம்மா, அதெப்படி தினமும் சரியா ரெண்டு?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தினமும் ஆறேழு சிக்கும் மேடம். சார் மனசு நோகுமேன்னு நாங்கதான் ரெண்டோட நிறுத்திக்குவோம்."