ஆர்லோ ஹேகன் வெட்டிய துடுப்பு

"ஸ்டீல்ஹெட் மீனவன் பொய் சொல்லான், சொன்னால் ஆறு அவனைக் கைவிடும்."

டேபர் ஆற்று ஸ்டீல்ஹெட் சங்கத்தின் வாசலில், தேவதாருப் பலகையில் இந்த வாசகம் செதுக்கப்பட்டிருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் சங்கத் தலைவர் ஆர்லோ ஹேகன். அக்டோபர் மாதத்து அந்தச் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அவர் தன் பிக்கப் வண்டிக்குள் மடியில் ஒரு செத்த மீனை வைத்துக்கொண்டு, மனைவியின் கைப்பையைக் குடைந்துகொண்டிருந்தார்.

"என்ன தேடறே?" என்றாள் நோரீன்.

"கத்தரி. நகம் வெட்டுவியே, அது."

"நகத்தையா இப்ப வெட்டப் போறே?"

"என் நகத்தை இல்ல. இதை" என்று மீனின் முதுகைக் காட்டினார்.

டேபர் ஆற்றில் இலை பழுக்கும் காலத்தில் கடலிலிருந்து சால்மனும் ஏறிவரும், ஸ்டீல்ஹெட்டும் ஏறிவரும். சால்மன் பிடிப்பவர்களைச் சங்கம் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்கள் கரையில் நாற்காலி போட்டு, பீர் குடித்துக்கொண்டு, மீன் முட்டையை இரையாக மாட்டிப் பிடிப்பவர்கள், சாப்பிடுவதற்காகப் பிடிப்பவர்கள். ஸ்டீல்ஹெட்காரன் வேறு ஜாதி. அவன் இடுப்பளவு பனித் தண்ணீரில் நாள் முழுக்க நின்று, இறகால் கட்டிய பொய் ஈயை ஆயிரம் தடவை வீசுவான். மீன் வரலாம். வராமலும் போகலாம். வராமல் போவதில்தான் ஒரு உயர்வு இருக்கிறது என்று ஆர்லோ அரைமணி நேரம் பேசி, சென்ற வருடம் டெல்மர் குவிஸ்ட்டை நாலு ஓட்டில் தோற்கடித்துத் தலைவரானார்.

பேசாமல் இருந்திருக்கலாம். அக்டோபர் விருந்துக்கு அந்த வருடத்தின் முதல் ஸ்டீல்ஹெட்டைத் தலைவர்தான் பிடித்துக் கொண்டுவர வேண்டும் என்பது சங்க வழக்கம். வெறுங்கையோடு வந்தால் நாற்காலி தோற்றவருக்குப் போய்விடும். ஆர்லோ பத்தொன்பது நாள் ஆற்றில் நின்றார். ஜலதோஷம் கிடைத்தது. யாரோ தொலைத்த ஒரு கையுறை கிடைத்தது.

ஆகவே அன்று காலை, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பாலத்தடியில் தங்கள் வலையில் பிடித்த மீனை விற்கும் பூர்வகுடிப் பெண்ணிடம் போனார்.

"சமைக்கவா, புகை போடவா?" என்று அவள் கேட்டாள்.

"பார்க்க" என்று சொல்லி, வெள்ளியாய் மின்னிய ஒன்றைச் சுட்டிக் காட்டி வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்.

வண்டியில் ஏறியபிறகுதான் அதைக் கவனித்தார். முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், நகக்கண் அளவில் ஒரு குட்டித் துடுப்பு. அரசாங்கப் பண்ணையில் வளர்த்து ஆற்றில் விடும் மீன்களுக்குக் குஞ்சிலேயே இந்தத் துடுப்பை வெட்டிவிடுவார்கள். துடுப்பு இல்லாத ஸ்டீல்ஹெட்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். துடுப்பு இருந்தால் அது ஆற்றிலேயே பிறந்த காட்டு மீன். முத்தம் கொடுத்துத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பூர்வகுடிகளுக்குத் தனி உரிமை என்பதால் வலைக்காரப் பெண்ணுக்கு இந்தச் சட்டம் கிடையாது. தூண்டில்காரருக்கு உண்டு. போதாததற்கு, காட்டு ஸ்டீல்ஹெட்டைக் கொன்றவரைச் சங்கத்தைவிட்டே நீக்க வேண்டும் என்று நான்காம் விதி கொண்டுவந்தவரும் ஆர்லோதான்.

சக். துடுப்பு கையோடு வந்துவிட்டது.

"முடிஞ்சுதா?" என்றாள் நோரீன்.

முடியவில்லை. பண்ணை மீனின் தழும்பு வருடக்கணக்கில் ஆறி வழவழவென்று இருக்கும். இதுவோ இளஞ்சிவப்பாகப் பல்லிளித்தது.

"உன் பவுடரைக் குடு."

"ஆர்லோ, அது என் அக்கா பாரிஸ்லேர்ந்து வாங்கிட்டு வந்தது."

"மீனுக்கு என்ன, பாரிஸ் பிடிக்காதா?"

பூசினார். சிவப்பு மறைந்தது, ரோஜா மணக்க ஆரம்பித்தது. மணத்தை அடக்க எலுமிச்சை வாங்கி வில்லை வில்லையாக அடுக்கினார். இப்போது மீன், மகள் கல்யாணத்துக்குக் கிளம்பிய அம்மா மாதிரி இருந்தது.

சங்கக் கூடத்தில் நாற்பது பேர் எழுந்து நின்றார்கள். சுடுவதற்கு முன்னால் மீனைப் பலகையில் கிடத்தி, எல்லோரும் தொப்பியைக் கழற்றி வணங்குவது முறை. பல் டாக்டர் புரூயிட் கண் கலங்கினார்.

"பாருங்க அந்தத் தோள்பட்டைய! சால்மனுக்கு வருமா இந்தக் களை? நூறு மீனுக்கு நடுவுல போட்டாலும் ஸ்டீல்ஹெட்டைக் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடுவேன்."

டெல்மர் குவிஸ்ட் அளவு நாடாவோடும் தராசோடும் வந்தார். முப்பத்தோரு அங்குலம். பதினோரு பவுண்டு. பதிவேட்டில் 'ஸ்டீல்ஹெட்' என்று தன் கையாலேயே எழுதினார். பிறகு மோந்து பார்த்தார்.

"தலைவரே, மீன் எங்கயாச்சும் டான்ஸுக்குப் போயிட்டு வந்துதா?"

"ஆத்தங்கரையில காட்டு ரோஜா பூத்திருக்கு."

"அக்டோபர்லயா?"

டெல்மர் எலுமிச்சை வில்லையைத் தூக்கினார். விரலால் தேய்த்தார். பவுடர் வந்தது. அடியில் சிவப்பு வந்தது.

"புது வெட்டு" என்றார். "ஆர்லோ, நல்லதுக்குச் சொல்றேன். பாலத்தடியில வாங்கினேன்னு சொல்லிடு. சட்டப்படி ஒரு தப்பும் இல்ல. நாற்காலிய மட்டும் குடுத்துட்டுப் போ."

அந்தக் குரலில் இருந்த கருணைதான் ஆர்லோவைச் சுட்டது. அவர் மெல்ல நிமிர்ந்தார்.

"வாங்கினேனா? நானா? பதினெட்டு வயசுலேர்ந்து இந்த ஆத்துல நிக்கிறேன்யா! நான்தான் பிடிச்சேன். காட்டு மீன். தெரிஞ்சேதான் கொன்னேன். துடுப்பையும் நான்தான் வெட்டினேன்!"

நோரீன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஆர்லோ, அபராதம் போடுவாங்க. லைசென்ஸ் போயிடும். வண்டியக்கூட எடுத்துப்பாங்க."

"எடுத்துக்கட்டும்! நாற்பது நிமிஷம் என்னோட சண்டை போட்டுது இது. நாலு தடவை தண்ணிக்கு மேல குதிச்சுது. அப்பேர்ப்பட்ட மீனை ஒரு சட்டப் புத்தகத்தைப் பாத்து விட்டுடச் சொல்றீங்களா? நான்காம் விதியா? அதை எழுதினவனே நான்தான், கிழிக்கறவனும் நான்தான்!"

விதித் தாளைச் சுவரிலிருந்து பிய்த்தார். அது கெட்டி அட்டை என்பதால் கிழியவில்லை. காலடியில் போட்டு மிதித்தார்.

"மீன் காவலரைக் கூப்பிடுவேன்" என்றார் டெல்மர்.

"நம்பர் இருக்கா? இல்லேன்னா நான் தரேன்!"

டெல்மர் கூப்பிட்டார். காவலர் வந்துசேர ஆன இருபது நிமிடத்துக்குள் சங்கத்தின் சரித்திரமே மாறிவிட்டது. முதலில் யாரோ ஒருவர் கைதட்டினார். டாக்டர் புரூயிட் மேஜைமேல் ஏறி, நாம் எல்லோரும் ஆசைப்பட்டும் துணியாததைச் செய்த ஒரே ஆண்மகன் ஆர்லோ என்றார். நான்காம் விதி செல்லாது என்று தீர்மானம். ஆர்லோ ஆயுள் தலைவர் என்று இன்னொரு தீர்மானம். முப்பத்தொன்பது கைகள் உயர்ந்தன. டெல்மர் கையைக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றார்.

மீன் காவலர் தெரேசா இபார்ரா உள்ளே வந்தார். சின்ன உருவம், பூட்ஸ் முழுக்கச் சேறு. ஆர்லோ இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நீட்டினார்.

"காட்டு ஸ்டீல்ஹெட். நான்தான் கொன்னேன். மன்னிப்புக் கேக்க மாட்டேன். எழுதிக்குங்கம்மா."

கூடம் மறுபடி கைதட்டியது. காவலர் யாரையும் பார்க்கவில்லை. மீனின் வாலை விரித்துப் பார்த்தார். கட்டைவிரலால் வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார். குறிப்பேட்டை எடுத்த இடத்திலேயே செருகினார்.

"இது ஸ்டீல்ஹெட் இல்ல சார், அதுக்கு வால் முழுக்கப் புள்ளி இருக்கும். இது கோஹோ சால்மன். இந்த ஆத்துல இதைத் துடுப்போடயே எடுத்துட்டுப் போகலாமே, மாசக் கடைசி வரைக்கும். எதுக்கு வெட்டினீங்க?"

ஆர்லோவின் கைகள் நீட்டியபடியே நின்றன. கூடத்தில் ஒரே ஒரு சிரிப்பு கேட்டது; டெல்மருடையது. அது நெடுநேரம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு.

"சால்மனாம்! ஸ்டீல்ஹெட் சங்கத் தலைவருக்கு மீனே தெரியல, பாத்தீங்களாம்மா?"

தெரேசா இபார்ரா தொப்பியை மாட்டிக்கொண்டார். கதவருகே நின்று, சுவரில் வரிசையாகத் தொங்கிய பழைய தலைவர்களின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மீன்.

"வால்ல மேல் பாதியில மட்டும்தான் புள்ளி இருக்கு" என்றார். "இந்த இருபத்திரண்டும் கோஹோதான் சார்."