பார்க்காமல் தட்டிய என்டர்

அதிகம் தெரிந்தவனால் ஆபத்தில்லை. தனக்கு அதிகம் தெரியும் என்று நாலு பேருக்குக் காட்ட நினைப்பவனால்தான் ஆபத்து. அப்படிப்பட்ட ஒருவனால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. அவன் நான்தான்.

நானும் பூங்கொடியும் சேந்தமங்கலத்தில் கணினி வகுப்பில் பழகியவர்கள். அவளுக்கு ஊர் கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பக்கம். மலைப் பெண் என்றதும் என் அம்மா ஒரு வருடம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். ஒருவழியாக மனம் இறங்கி, பெண்ணுக்குப் பூ வைத்து உறுதி செய்ய மலையேறினார். (எழுபது வளைவுக்கும் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.)

போன இடத்தில் பூங்கொடி கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். எல்லாம் நிரப்பிவிட்டாள், அனுப்புவதற்குள் நெட் போய்விடுகிறது. அந்த வீட்டில் செல்போனை மஞ்சப்பையில் போட்டுப் பலாமரக் கிளையில் தொங்கவிட்டால்தான் சிக்னல். பனிமஞ்சு மூடினால் அதுவும் இல்லை.

விடுவேனா? அவள் விண்ணப்பத்தைத் தொடங்கியிருந்த என் லேப்டாப்பை மிளகு மூட்டையின் மேல் வைத்து, மரத்துச் செல்போனோடு இணைத்தேன். பக்கத்தில் பூங்கொடியின் அப்பா, என் வருங்கால மாமா, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மவுஸைப் புடிச்சு உருட்டறதுக்குள்ள சிக்னல் போயிருமுங்க மாமா. எனக்கு எல்லாம் விரல்லயே இருக்குது, பாருங்க!"

கன்ட்ரோலையும் 'L' எழுத்தையும் சேர்த்துத் தட்டினால் முகவரிக் கட்டம். முதல் எழுத்தைத் தட்டினால் மீதியை பிரவுசரே நிரப்பும். என்டர். சேமித்து வைத்த கடவுச்சொல்லும் தானாக வந்து விழும். இன்னொரு என்டர். முடிந்தது லாகின். இத்தனையையும் திரையைப் பார்க்காமல், மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன். (திரையைப் பார்ப்பது கற்றுக்குட்டிகளின் வேலை.)

பிரவுசருக்கு என் காதல் தெரியாது. அந்த எழுத்தில் தொடங்கும் தளங்களில் அடிக்கடி போனது எது என்பது மட்டுமே தெரியும். அது, முகத்தைத் தூக்கி வைத்திருந்த வருடம் முழுவதும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா என் லேப்டாப்பில், என் பெயரில் போய்வந்த திருமணத் தளம். சிக்னல் அன்றைக்கென்று பிரமாதமாக இருந்தது.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாக, பக்கத்துக் காட்டுக்கே கேட்கும்படி வாசித்தார்.

"ஏனுங்க மாப்ள, உங்களுக்குப் புதுசா பொண்ணுங்க வந்திருக்குதாமுங்க... எதிர்பார்ப்பு... மலைப் பகுதி வேண்டாம்."

எங்களோடு வந்திருந்த என் சித்தி பூத்தட்டை மெதுவாகத் தன் மடிப்பக்கம் இழுத்துக்கொண்டார். அத்தனை ஷார்ட்கட் தெரிந்த எனக்கு, அந்தப் பக்கத்தை மூட எதைத் தட்டுவது என்று மட்டும் மறந்துபோனது. பூங்கொடியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அம்மாதான் வாயைத் திறந்தார்.

"அது நான் போட்டதுங்க சம்பந்தி. பையனுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. இந்த வளைவுல கொடலே வெளிய வந்துருதுங்களே, மாசாமாசம் பேரனைப் பாக்க நான் எப்பிடிங்க வாரது?"

பேரன் என்றதும் காற்று மாறியது. பூங்கொடியின் அம்மா முதலில் சிரித்தார். "கீழ எறங்குறப்ப எங்களுக்கும் அதே கதைதானுங்க!"

பூங்கொடி சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். முகவரியை முழுதாக, ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். கடவுச்சொல்லையும் அப்படியே. விண்ணப்பம் போய்ச்சேர்ந்தது என்று திரையில் வந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"பூவ வெச்சுட்டுப் போங்க," என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இப்போது பூங்கொடி நர்ஸ். நாங்கள் மலைக்குப் போகும்போதெல்லாம் மாமா பஸ் நிறுத்தத்தில் எலுமிச்சம்பழத்தோடு நிற்பார். "மலை வேண்டாம்னவங்க வந்துட்டாங்கோ!" என்பார். அம்மா சிரித்துக்கொண்டே பழத்தை வாங்கிக்கொள்வார்.

அந்தத் திருமணத் தளக் கணக்கை அழித்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை, பூங்கொடி கடவுச்சொல்லை மாற்றிவிட்டாள். என்னிடம் சொல்ல மாட்டாளாம், அம்மாவுக்கு மட்டும் தெரியும். என் எதிர்பார்ப்பு என்ற இடத்தில் இப்போது 'மலைப் பகுதி மட்டும்' என்று இருக்கிறதாம்.