கோம்பையில் ஒரு கடல் குகை

மாவட்டத்துக்கு ஒரு கடல் குகை கண்டறியப்பட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. கடல் குகை முன்னால் நின்று படம் எடுப்பதுதான் இப்போதைய மோஸ்தர். தேனி மாவட்டத்தில் கடல் இல்லை என்பது ஆணையில் விதிவிலக்காகக் குறிப்பிடப்படவில்லை.

ஆகவே குகை வகைப்பாட்டு அலுவலர் ஹேமாவதி கோம்பை மலையடிவாரத்துக்கு வந்தார். அங்கே இரண்டு பாறைகள் சரிந்து ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த புடவு ஒன்று உண்டு. கோடைமழை இறங்கினால் சின்னக்கருப்பின் நாற்பத்தொரு ஆடுகளும் ஒதுங்க அதை விட்டால் வேறு இடம் கிடையாது.

“கடல் குகைன்னா என்ன தாயி?” என்று கேட்டார் சின்னக்கருப்பு.

“அலை அடிச்சு அடிச்சுக் கரைப்பாறையைக் குடையணும். மழைத்தண்ணி சுண்ணாம்புப் பாறையைக் கரைச்சு உண்டானா அது வேற வகை.”

“இங்கன அலை ஏது?”

“கடல் பின்வாங்கியிருக்கும்.”

“எம்புட்டுத் தூரம்?”

“அது நில அளவைக்காரங்க வேலை. நீங்க ஆட்டை வெளிய ஓட்டுங்க. கடல் குகைக்குள்ள கடல்வாழ் உயிரினத்துக்கு மட்டும்தான் அனுமதி.”

போன சித்திரையில் புடவுக்கு வந்து சேருமுன் ஆலங்கட்டி மழையில் சிக்கிச் சின்னக்கருப்பின் மூன்று குட்டிகள் செத்திருந்தன.

“அப்ப எழுதிக்கிடுங்க தாயி. இதுக நாப்பத்தொண்ணும் மீனு.”

ஹேமாவதி ஆடுகளை உற்றுப் பார்த்தார். ஒன்று அவருடைய கோப்பின் மூலையைத் தின்றுகொண்டிருந்தது. “சாட்சிக் கையெழுத்து வேணும்” என்றார்.

ஊரே போட்டது. கடல் குகை வந்தால் கார் வரும், கார் வந்தால் மனை விலை ஏறும். “ஏலே கருப்பு, மீனுக்குக் கொம்பா?” என்று கேட்டுக்கொண்டே டீக்கடை ஈஸ்வரபாண்டி முதல் கையெழுத்தைப் போட்டார்.

சித்திரை பிறந்தது. மழையும் வந்தது. ஆடுகள் நனையவில்லை. திருவிழாவுக்குக் கிடா பிடிக்க ஊர் திரண்டு போனபோது புடவு வாசலில் ஹேமாவதி நின்றார்; பக்கத்தில் பலகை தொங்கியது: மீன்பிடித் தடைக்காலம், அறுபத்தொரு நாள்.

“இது ஆடும்மா!” என்றார் ஈஸ்வரபாண்டி.

“அப்ப நீங்க போட்டது பொய்க் கையெழுத்தா?” என்றார் ஹேமாவதி.

ஈஸ்வரபாண்டி தொண்டையைச் செருமினார். “மீனுதாம்மா.”

“தடை முடியட்டும். அதுக்கப்புறமும் மீனவர் அட்டை இருக்கிறவங்கதான் பிடிக்கலாம்.”

மறுநாள் அட்டைக்கு இருநூற்றுப் பதினான்கு பேர் வரிசையில் நின்றார்கள். தொழில் என்ற இடத்தில் அத்தனை பேரும் ‘பரம்பரை மீனவர்’ என்று எழுதியிருந்தார்கள்.

வரிசையில் முதல் ஆள் சின்னக்கருப்பு. தன் ஆட்டைத் தான் பிடிக்க வேண்டுமே.