எந்த இடத்துக்கு எந்த கிரீஸ்

சைக்கிள் வைத்திருப்பவர்களில் ஓட்டுபவர்கள் உண்டு, துடைப்பவர்கள் உண்டு. இவர்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது, கிரீஸ் தேர்ந்தெடுப்பவர். இவர் ஓட்டுவதில்லை. ஓட்ட நேரம் ஏது? வாரத்தில் ஆறு நாள் எந்த மரைக்கு எந்தப் பசை என்று படிக்கிறார். ஏழாம் நாள் சைக்கிளைக் கழற்றிப் போட்டுவிட்டு, படித்ததையெல்லாம் சந்தேகப்படுகிறார்.

கடையில் இவரைப் பார்க்க வேண்டும். டப்பாவைத் திறந்து முகர்ந்து, விரல் நுனியில் எடுத்துத் தேய்த்து, வெளிச்சத்தில் காட்டி, மூடி வைத்துவிட்டு மறுபடியும் திறப்பார். கடைக்காரர் வாய் தவறி, “சார், இது எல்லாத்துக்கும் போடலாம்” என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. “எல்லாத்துக்குமா?” என்று இவர் கேட்கிற தொனியில் அந்த மனிதருக்குத் தன் தொழில் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருக்கிறார். என் தங்கையின் கணவர்.

தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் போகும் பஸ் பாதை மாறியதிலிருந்து சைக்கிள்தான் கதி. அந்த சைக்கிளை மாப்பிள்ளை ‘ஒரே நாள் வேலை’ என்று கழற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது. நடந்து போய் மூன்று முறை தாமதம். நான்காவது முறை தாமதமானால் அவளுக்கு வரவிருந்த தலைமை நர்ஸ் பதவி வேறொருவருக்கு என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான் போனபோது கூடத்தில் பழைய பேப்பர் மேல் சைக்கிள் உதிரி உதிரியாகக் கிடந்தது. பேரிங் குண்டுகள் டீ வடிகட்டியில் உலர்ந்துகொண்டிருந்தன.

“என்னங்க, நாளைக்கு ஆறு மணிக்கு நான் வார்டுல இருக்கணும்.”

“இருப்பே. பேரிங்குக்கு நீல கிரீஸா பச்சை கிரீஸான்னுதான் இன்னும் முடிவாகல.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“அதைத்தான் மூணு வாரமா படிச்சிட்டிருக்கேன்.”

“மாப்ள, ஏதோ ஒண்ணைத் தடவி மாட்டுங்க” என்றேன்.

“மச்சான், பல் தேய்க்கிற பேஸ்ட்டை நீங்க தலைக்குத் தேய்ப்பீங்களா?”

இந்த ரகத்தினரிடம் வாய் கொடுத்து யாராவது மீண்டதுண்டா?

ஒருவழியாக நீலம் வென்றது. எட்டு மணிக்குள் சீட் தவிர எல்லாம் மாட்டி முடித்தார். சீட்டைத் தாங்கும் இரும்புக் கம்பி அலுமினிய ஃபிரேமுக்குள் இறங்குகிற இடம் ஒன்று இருக்கிறதே, அங்கே இரண்டு உலோகமும் நாளடைவில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டுவிடுமாம், அப்புறம் கம்பி வெளியே வராதாம். அதைத் தடுக்க ஒரு வெள்ளிநிறப் பசை. கடைக்காரர் பாஷையில் ஆன்டி சீஸ். மற்ற இடங்களில் சொட்டுக் கணக்குப் பார்த்தவர் இங்கே மட்டும் தாராளமாக மூன்று பூச்சுப் பூசினார்.

“நூறு வருஷம் ஆனாலும் இது இறுகாது” என்றார்.

மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. காலை ஐந்தரைக்குக் கிளம்பியவளுக்கு முதல் வேகத்தடையில் சீட் ஒரு விரல் இறங்கியது. அடுத்ததில் இரண்டு விரல். பாலம் ஏறும்போது முழங்கால் முகவாயை இடித்தது. இறங்கி, சீட்டைத் தூக்கி வைத்தாள், மறுபடி இறங்கியது. சீட் போல்ட்டை முறுக்கலாம் என்றால் கையில் கருவி இல்லை. கருவிகள் எல்லாம் வீட்டில், துடைத்து, எண்ணெய் பூசி, உயர வரிசைப்படி அடுக்கப்பட்டிருந்தன. மீதி வழி முழுவதும் உட்காராமல் நின்றுகொண்டே மிதித்து, ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வார்டில் கையெழுத்துப் போட்டாள். பதவி தப்பியது. கால்கள் தப்பவில்லை.

மாலையில் அவள் இதைச் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை சைக்கிள் முன் மண்டியிட்டு, சீட் கம்பியை வெளியே உருவினார்.

“பாத்தியா! ரெண்டே விரல்ல வருது! துளி துரு இல்ல!”

பிள்ளை பெற்றவன் முகத்தில்கூட அப்படி ஒரு பூரிப்பை நான் பார்த்ததில்லை. எனக்கு வந்த கோபம் எனக்குத்தான் தெரியும்.

“என் காலு எப்படியிருக்குன்னு கேக்கத் தோணலையா உங்களுக்கு?” என்றாள் தங்கை.

பாவம், மனிதர் சுருங்கிப்போனார். கெட்டவர் இல்லை, அவள்மேல் உயிரையே வைத்திருப்பவர். “இரு, தைலம் கொண்டாரேன்” என்று உள்ளே ஓடினார். பத்து நிமிடம் ஆயிற்று, ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தேன். மூன்று தைலப் புட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு பின்பக்கம் படித்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், தசைக்கு ஒண்ணு, மூட்டுக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கான். அவளுக்கு வலிக்கிறது எது?”

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். என் தங்கை நின்றுகொண்டே மிதித்துப் போனபோது, ஆறு மணிக்குள் போய்ச் சேருவாளா என்று பதறினீர்களா? இல்லை, அந்தக் கம்பிக்கு மெல்லிசாக ஒரே பூச்சுப் போட்டு, மீதியைத் துணியால் வழித்திருக்க வேண்டும் என்று நினைத்தீர்களா? இரண்டாவதுதான் என்றால், தயவுசெய்து இதைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் வீட்டில் யாருக்குக் கால் வலிக்கிறது என்று போய்ப் பாருங்கள்.