சீம்பாலுக்கு ஓர் எருமை

வாயை மூடிக்கொண்டு சந்தோஷப்படுவது என்னால் ஆகாத காரியம். வேதியியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவன். எந்த மருந்தை எதனோடு சேர்த்தால் தீப்பற்றும் என்று தெரியும். என் வாய் எங்கே போய்ப் பற்றும் என்பது மட்டும் இன்றுவரை தெரிந்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் மேனேஜராக இருந்தேன். (எங்கள் பக்கம் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ஆபீஸ்தான்.) கல்யாணமாகிப் பல வருடம் காத்திருந்தபின் என் மனைவி ராஜத்துக்கு நாள் தள்ளிப்போனது. லேபில் பார்த்து உறுதியான அன்றே என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள்.

"மூணு மாசம் முடியுத வரைக்கும் யார்ட்டயும் மூச்சு விடக்கூடாது. ஊர்க்கண்ணு பொல்லாதது."

"நான் ஏன் சொல்லுதேன்?" என்றேன்.

சொல்லவும் இல்லை. முதல் ஸ்கேனுக்குப் போகும் நாள் காலையில், ஆபீசில் எல்லாருக்கும் கடலை மிட்டாய் மட்டும் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம், "மத்தியானம் வந்து சொல்லுதேன்" என்று சிரித்தேன். சத்தியத்தை மீறாமலே கொண்டாடிவிட்டதாக நினைப்பு.

ஸ்கேனில் குட்டிக் கை, குட்டிக் கால், முடிந்தால் என் மூக்கு, எல்லாம் தெரியும் என்று எதிர்பார்த்தேன். (பிள்ளை முதல் நாளே முழு மனிதனாக இருந்து, பலூன் மாதிரி ஊதிப் பெரிதாகிறது என்றுதான் இந்தப் படித்தவன் நம்பியிருந்தான்.) திரையில் தெரிந்ததோ வெறும் கறுப்பு வட்டம்.

"பை நல்லா தெரியுது. உள்ள கரு இன்னும் கண்ணுக்குத் தெரியல, துடிப்பும் இல்ல" என்றார் டாக்டரம்மா. "நாள் கணக்கு முன்னப்பின்ன இருக்கலாம். இப்பவே எதையும் முடிவா சொல்ல முடியாது. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

ராஜத்தை வீட்டில் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம் அது. எனக்கோ மிட்டாய்க் கவலை.

பெட்டி ஒட்டும் செல்லக்கனி வாசலிலேயே மறித்தாள். "இப்பமாவது சொல்லுங்க அண்ணாச்சி, எதுக்கு முட்டாயி?"

உண்மையைச் சொல்லாமல் தப்ப வழி தேடினேன். ரோட்டில் ஓர் எருமை போய்க்கொண்டிருந்தது.

"எருமை வாங்கியிருக்கேன்."

"கன்னு போட்டிருச்சா?"

"போ...ட்டிருச்சு."

"அப்பம் சீம்பால் எங்க? ஏட்டி, அண்ணாச்சி நாளைக்கு எல்லாருக்கும் சீம்பால் கொண்டாராவளாம்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

கன்று போட்ட சில நாளைக்குத்தான் சீம்பால் வரும். பழைய எருமையை வைத்து ஏமாற்ற முடியாது. சாயங்காலமே நாகலாபுரம் போய், புதிதாகக் கன்று போட்டிருந்த எருமையைத் தேடிப் பிடித்து, கன்றோடு மினி லாரியில் ஏற்றி அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ராஜம்தான் கதவைத் திறந்தாள். தாளிக்கிற வாசனையே ஆகாத மசக்கைக்காரி. எருமை வாசலில் சாணி போட்டுத் தன்னை அறிமுகம் செய்துகொண்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள்.

"யாரு வீட்டு எருமைங்க இது?" என்றாள் திரும்பி வந்து.

"நம்ம எருமைதான்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னையும் எருமையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வர. ஸ்கேனுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

"இந்த வாசம் இப்படிக் குமட்டுதுன்னா, உள்ள ஆள் இருக்குன்னுதான அர்த்தம்?"

மருத்துவம் இதை ஒப்புக்கொள்ளாது. நான் உடனே ஒப்புக்கொண்டேன். சீம்பாலும் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வட்டத்தின் ஓரத்தில் உளுந்து அளவில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் மினுக் மினுக்கென்று ஒரு துடிப்பு.

"கை கால் எங்கம்மா?" என்றேன்.

"இப்பத்தான் மொட்டு மாதிரி கிளம்பும். மத்ததெல்லாம் உருவாகுறதுக்கு முன்னாலயே இதயம் வேலையை ஆரம்பிச்சிரும்."

நான் அழுதுவிட்டேன். ராஜம் என் கையை இறுகப் பிடித்தாள். ஆறுதலுக்கு என்றுதான் நினைத்தேன். "போற வழியில மிட்டாய்க் கடைப் பக்கம் திரும்பிராதீங்க" என்றாள்.

என் மகள் அந்த எருமையின் பாலைக் குடித்துத்தான் வளர்ந்தாள். துக்க வீடாக இருந்திருக்க வேண்டிய இரண்டு வாரத்தைச் சாணியும் சிரிப்புமாகக் கடத்திக் கொடுத்த அந்த ஜீவனை நான் ஒரு நாளும் அதட்டியதில்லை. எங்கள் சொந்தத்தில் இப்போதும் யாராவது உண்டாகியிருந்தால், "எருமை வாங்கியாச்சு" என்றுதான் சேதி வரும்.

போன மாதம் மகள் போன் செய்தாள்.

"அப்பா, எருமை வாங்கியாச்சு."

பக்கத்து வீட்டில் சொல்லச் செருப்பை மாட்டினேன்.

"துடிப்பும் பாத்தாச்சு. மூணு மாசமும் முடிஞ்சிருச்சு. அதனாலதான் உங்ககிட்டச் சொல்லுதேன்."