இருவாச்சியே, ஆ காட்டு

இந்நிகழ்ச்சிக்கு முன்னர் என்மீது எவரும் விரல் நீட்டியதில்லை. நான் முதுகலைப் பட்டதாரி. அரசாங்க அலுவலகத்தில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்றவன். ஃபேரர் பார்க் வட்டாரத்துத் தமிழ் மன்றம் ஒன்றின் நெடுநாள் தலைவன். அத்தகைய என்னைச் சேற்றில் உட்காரவைத்த பெருமை உலகத்தில் ஒருவருக்கே உண்டு. அவர் பல் டாக்டர். சிங்கப்பூரில் பறக்கும் எல்லாப் பறவைகளின் தொண்டைக்குள்ளும் எட்டிப் பார்த்த மனிதரும் அவர் ஒருவரே.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாருக்கும் நினைவில்லை. தம் பல் மருத்துவமனையை மூடியதும் கேமரா வாங்கினார். அதன் லென்ஸ் நாதஸ்வரத்தின் நீளமும் தவிலின் பருமனும் கொண்டது. மற்ற புகைப்படக்காரர்கள் பறவையின் சிறகைப் பார்த்தார்கள், வண்ணத்தைப் பார்த்தார்கள். டாக்டருக்கு வேண்டியது திறந்த வாய் மட்டுமே.

எங்கிருந்தோ வழிதவறி வந்த அபூர்வப் பறவை ஒன்றைக் காணப் பெருங்கூட்டம் கூடியிருந்த காலையில், இவர் மட்டும் கேமரா முக்காலியை மடித்துக்கொண்டு திரும்பிவிட்டார். நான் காரணம் கேட்டேன்.

"வாயை மூடிட்டே உட்கார்ந்திருக்கு சார். அத வச்சு நான் என்ன பண்றது?"

மீன்கொத்தியின் எதிரே நின்றால் அவர் தம்மை மறந்து முணுமுணுப்பார்: "ஆ... இன்னும் கொஞ்சம் பெருசா... குட், குட்." அப்போது அவருடைய வாயும் மெல்லத் திறந்துகொள்ளும். கொசுக்களுக்கு அது நன்றாகத் தெரியும். டோபி காட் ரயில் நிலையத்தில் முன்பின் அறியாத ஒருவர் கொட்டாவி விட்டபோது, டாக்டர் குனிந்து உள்ளே பார்த்து, "கீழ் வரிசை, வலது பக்கம், கவனிங்க" என்று சொன்னதை நானே கண்டேன். வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன்.

ஏன் இந்தப் பித்து என்று ஒருநாள் வினவினேன்.

"இத்தனை வருஷம் மனுஷங்கள வாயைத் திறங்கன்னு கெஞ்சினேன் சார். எல்லாரும் பயந்துக்கிட்டே திறந்தாங்க. இதுங்கதான் என் முன்னால சந்தோஷமா திறக்குதுங்க லா."

அவருடைய தீராத ஏக்கம் இருவாச்சி. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலைச் சுவர்போல் பூசித் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் பறவை பழம் கொண்டுவரும்போது மட்டும் ஒரு கீறல் வழியாக அலகை நீட்டித் திறக்கும். மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் அப்படியொரு பொந்தை டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் மன்றத்தின் ஆண்டு மலருக்கு அட்டைப்படம் தேவைப்பட்டதால், என்னையும் அழைத்தார்.

"குஞ்சு வளர்ந்துருச்சு சார். இன்னிக்கோ நாளைக்கோ அம்மாக்காரி சுவரை உடைச்சுட்டு வெளிய வந்துடுவா. இத விட்டா அடுத்த வருஷம்தான். அதுவரைக்கும் என் முட்டி தாங்காது."

நாங்கள் காட்டுக்குப் போன அன்று மாலை மன்றத்தில் பாராட்டு விழா. சிறப்பு விருந்தினருக்குப் போர்த்த வாங்கிய பொன்னாடை என் கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. காட்டுக்குப் பொன்னாடை எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். நம்மவர் வீடுகளில் புதிய பொன்னாடையை விட்டுச்செல்வது பாதுகாப்பன்று. நாம் திரும்புவதற்குள் அது யாராவது ஒருவர் தோளில் ஏறி, அங்கிருந்து இன்னொருவர் தோளுக்குப் புறப்பட்டிருக்கும். என் இல்லத்தில் அவ்வாறு நடந்திருக்கிறது.

பொந்தின் எதிரே லென்ஸ்கள் வரிசையாக நின்றன. டாக்டர் இருவாச்சியின் படத்தைக் காட்டி எனக்கு வகுப்பெடுத்தார். "அலகு மேல பாருங்க, பல்லுக்கு மாட்டுற தொப்பி மாதிரி ஒரு கிரவுன். உள்ள போட வேண்டியத வெளிய போட்டிருக்கான். எந்த மடையன் சார் இந்த வேலை பார்த்தது?"

"டாக்டர், அது இயற்கை" என்றேன்.

"யாரா இருந்தாலும் தப்பு தப்புதான்."

ஆண் இருவாச்சி சிறகு இரைய வந்து கிளையில் அமர்ந்தது. அலகில் சிவந்த பழம். வரிசையில் மூச்சுச் சத்தமும் இல்லை. டாக்டரின் வாய் திறந்தது. விரல் பொத்தானைத் தொட்டது. "ஆ காட்டும்மா... என் தங்கமில்ல..."

அந்நேரத்தில் என் பை சரசரத்தது. அக்காட்டுக் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் உணவு என்று பொருள். ஒன்று பையைப் பிடித்தது. பை கிழிந்தது. பொன்னாடையின் ஒரு முனை குரங்கிடமும் மறுமுனை என்னிடமும் இருந்தன. விட்டுக்கொடுப்பது என் இயல்பன்று; அதன் இயல்பும் அன்று.

"அங்கிள்! மங்கிக்குச் சாப்பாடு கொடுக்கக்கூடாது லா, ஃபைன் போடுவாங்க!" என்று வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினார்.

"இது சாப்பாடு அன்று, பொன்னாடை!" என்று நான் விளக்கினேன். விளக்கும்போது கால் வழுக்கியது. கீழே சரிவு, அதற்கும் கீழே நீரோடை. யாரோ என் இடுப்பை இரு கைகளாலும் கட்டிப் பிடித்தார். இருவரும் சேற்றில் உட்கார்ந்தோம். தலைக்கு மேலே கேமராக்கள் படபடவென ஒலித்து ஓய்ந்தன. குரங்கு கிளையில் ஏறிப் பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டது. சொல்லப்போனால், அதற்குப் பொருத்தமாகவே இருந்தது.

டாக்டர் மூச்சிரைக்க என் முகத்தைத் திருப்பினார். "பல்லு ஏதாச்சும் ஆடுதா சார்? ஆ காட்டுங்க."

காட்டினேன். பொது இடத்தில்.

அன்று மாலை விருந்தினருக்கு டாக்டர் வீட்டு அலமாரியிலிருந்த ஒரு பொன்னாடை போர்த்தப்பட்டது. அதை முன்னொரு விழாவில் டாக்டருக்குப் போர்த்தியவன் நான்.

தேக்கா வட்டாரக் கோப்பிக்கடையில் இப்போது இரண்டு செய்திகள் உலவுகின்றன. மன்றத் தலைவர் குரங்குக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவித்தார் என்பது ஒன்று. அது தவறு, குரங்கு தானாகவே போர்த்திக்கொண்டது. அந்தக் கோலத்தைப் பல் டாக்டர் படமெடுத்து ஊரெல்லாம் காட்டிச் சிரிக்கிறார் என்பது மற்றொன்று. அதுவும் தவறு. இருவாச்சி பொந்திலிருந்து அலகை நீட்டி அகலத் திறந்ததை அங்கிருந்த அத்தனை பேரும் எடுத்தார்கள். டாக்டரிடம் அன்றைய படம் ஒன்றுகூட இல்லை. அவருடைய இரண்டு கைகளும் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தன.