எழுபது வளைவும் ஒரு கவர் சூப்பும்

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மலை மேல செம்மேட்டுல சூப் வாங்கி, அடிவாரத்துல அவங்க அம்மா வீட்டுல இருக்கற கோகிலாகிட்ட சேர்க்கணும்.

கோகிலா என் வீட்டுக்காரி. மூணாம் மாசம். தண்ணி குடிச்சாலும் வாந்தி. பத்து நாளா ஒரு வாய் சோறு உள்ள தங்கல. டாக்டரம்மா "எது பிடிக்குதோ அதைச் சாப்பிடட்டும்"னுட்டாங்க. அவளுக்கு எதுவுமே பிடிக்கல, என்னையும் சேர்த்து. நான் கிட்டப் போனாலே மிளகு வாடை அடிக்குதாம். மலையில மிளகுக்கொடி போட்டுப் பிழைக்கறவன் மேல மல்லிகைப்பூ வாடையா அடிக்கும்?

சனிக்கிழமை போன் பண்ணினா. "ஏனுங்க, செம்மேட்டுல புதுசா மீ குவாங் போடறாங்களாமா. வீடியோ பாத்தனுங்க. எனக்கு அது வேணும்."

பத்து நாளைக்கு அப்புறம் 'வேணும்'னு ஒரு வார்த்தை. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. மீ குவாங்னா என்னன்னு கேக்கக்கூடத் தோணல.

"சாறு வாங்கறதுக்கு மறக்காம தூக்குப்போசி எடுத்துட்டுப் போங்க"ன்னா. சரின்னேன். மறந்துட்டேன்.

கடைக்காரர் எங்க மலையிலயே திண்ணனூர் நாட்டுக்காரர்தான். வியட்நாம்ல ஹோட்டல் வேலை பார்த்துட்டு வந்து, முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கடைகளுக்கு நடுவுல தள்ளுவண்டி போட்டிருக்கார். "அங்க குவாங் நாம்னு ஒரு பக்கம் இருக்குதுங்க. அந்த ஊர்ல தெருவுக்குத் தெரு இதுதான்"னார். மஞ்சள் போட்ட பட்டை நூடுல்ஸ், கொஞ்சமா கோழிச்சாறு, வறுத்த கடலை, கீரை, ஒரு அப்பளம்.

"போசி கொண்டாரலீங்களா?"

"இல்லீங்க."

நூடுல்ஸையும் அப்பளத்தையும் இலையில மடிச்சார். சாறைத் தனியா ஒரு கவர்ல ஊத்தி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார். வெள்ளைக் கவர். உள்ள மஞ்சளா தண்ணி, அதுல மிதக்கற கடலை, கீரைத் துணுக்கு. அப்ப எனக்கு எதுவும் உறைக்கல.

பஸ்ஸுல ஜன்னலோரம் ஒரு அக்கா, காலடியில பலாப்பழத்தோட. நான் பக்கத்துல உக்காந்து, இலைப் பொட்டலத்தைத் தோள்பையில வெச்சுட்டு, கவரை ரெண்டு கையாலயும் நெஞ்சோட பிடிச்சுக்கிட்டேன்.

மேல இருந்து இறங்கினா எழுபதாவது வளைவுதான் முதல்ல வரும். பஸ் இந்தப் பக்கம் சாஞ்சா நான் அந்தப் பக்கம் சாஞ்சேன். ஒரு சொட்டு சிந்தக் கூடாதே. பல்லைக் கடிச்சுக்கிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, வேர்த்து ஊத்துது.

அறுபத்திரெண்டுல ரப்பர் பேண்ட் லூசான மாதிரி இருந்துச்சு. கவர் வாயைப் பிரிச்சு, குனிஞ்சு உள்ள பார்த்தேன்.

முன் சீட்டுல இருந்த ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க.

"முடியலீங்களா சாமி?"ன்னாங்க அக்கா.

"இல்லீங்கக்கா, இது சூப்பு."

"ஆமா கண்ணு, சூப்புதான்"னு முதுகைத் தடவிக் கொடுத்தாங்க.

கண்டக்டர் வந்துட்டார். "ஏனுங்க, அதை ஏன் கையில வெச்சுட்டு? வெளிய போட்டுருங்க."

"என்ற சம்சாரம் சாப்பிடறதுக்குங்க."

கண்டக்டர் டிக்கெட் பையால மூக்கைப் பொத்திக்கிட்டார். இப்ப யோசிச்சா, அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

அக்கா ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து என் மூக்குல வெச்சு அழுத்தினாங்க. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. "நம்பலீன்னா பாருங்க"ன்னு கவருக்குள்ள கையை விட்டு, ஒரு கடலையை எடுத்து வாயில போட்டு மென்னேன்.

பின்னாடி சீட்டுல மூணு பேர் வாந்தி எடுத்தாங்க.

"போதும் சாமி, எதுக்கு உனக்கு இந்தக் கஷ்டம்"னு அக்கா கவரைப் பிடுங்கி ஜன்னல் வழியா வீசிட்டாங்க. திரும்பிப் பார்த்தா நாலு குரங்கு உக்காந்து கடலை பொறுக்குது.

எனக்கு அழுகையே வந்துச்சு. பட்டினியா கிடக்கறவ ஒண்ணே ஒண்ணு கேட்டா. அதைக் கொண்டு போய்ச் சேர்க்கத் துப்பில்ல எனக்கு.

அந்தத் துக்கம், எலுமிச்சை, பின் சீட்டு வாடை எல்லாம் சேர்ந்து ஒன்பதாவது வளைவுல எனக்கு நிஜமாவே வந்துடுச்சு. மலையிலயே பொறந்து வளர்ந்தவனுக்கு முதல் வாந்தி. கவர் இல்ல. ஜன்னல் அக்காவுக்கு அந்தப் பக்கம். குனிஞ்சா பலாப்பழம்தான் இருந்துச்சு.

"அப்பவே சொன்னனில்ல"ன்னாங்க அக்கா.

வீட்டுல கோகிலா இலைப் பொட்டலத்தைப் பிரிச்சா. "சாறு எங்கீங்க?"

"வழியில போயிடுச்சு கண்ணு."

என்னை மேலயும் கீழயும் பார்த்தா. அத்தை வெச்ச ரசத்தை நூடுல்ஸ் மேல ஊத்தி, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, இலையை வழிச்சுச் சாப்பிட்டா. நான் மூச்சு விடாம பார்த்துக்கிட்டே நின்னேன். அரை மணி நேரம் ஆச்சு. ஒண்ணும் வெளிய வரல. சாமி கும்பிடாத குறைதான் எனக்கு.

"அடுத்த வாரமும் வாங்கிட்டு வாங்க"ன்னா. "சாறு வேண்டாமுங்க, ரசமே நல்லா இருக்குது."

பஸ்ஸுலயே அது தெரிஞ்சிருந்தா, நானே ஜன்னலைத் திறந்து விட்டிருப்பேன்.